கொடிவேலி லேகியம்

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைத் திருச்சி ஜில்லாவோடு சேர்த்த வருஷம் ஞானசெல்விக்குக் கல்யாணம் நடந்தது. பிறந்த ஊர் ஆலங்குடிக்குத் தெற்கே, முந்திரிக்காட்டு ஓரம். வாக்கப்பட்ட இடம் ஆவூர். மாப்பிள்ளை பங்கிராசுக்குக் கொஞ்சம் புன்செய், ஒரு சோடி மாடு, ஒரு வண்டி. வீட்டில் அவனையும் அவன் தாயார் ஜெபமாலையம்மாளையும் தவிர வேறு ஆள் கிடையாது.

ஜெபமாலையம்மாளுக்குப் பெண் பிள்ளை இல்லை. வந்த மருமகளை மகளாகவே எடுத்துக்கொண்டாள். “கல்யாணமாகி எத்தனையோ வருஷம் வரைக்கும் அத்தைதான் எனக்குத் தலை பின்னி விடுவாங்க. பக்கத்து வீட்டுக்காரங்க சிரிப்பாங்க” என்று ஞானசெல்வி பின்னாளில் சொல்வதுண்டு. அவளுக்கு நேர்ந்ததைக் கேட்கிறவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில் அவள் கண்டிப்பாக இருந்தாள்.

ஜெபமாலையம்மாளுக்கு முழங்கால் வாதம். ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூட நடந்து போக முடியாமல் கிடந்தவள். விராலிமலைக்குப் போகிற வழியில் இருந்த பெரியண்ணன் வைத்தியர் கொடுத்த லேகியம்தான் அவளை எழுப்பி நடக்க வைத்தது. அது கொடிவேலி வேர் சேர்ந்த லேகியம். கொடிவேலி ஒன்றும் அபூர்வமான செடி இல்லை. வேலியோரம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். உரசிக்கொண்டு போனால் பூக்காம்பு பிசுபிசுவென்று சேலையில் ஒட்டும். ஆனால் வேர் பொல்லாதது. பச்சையாக அரைத்துத் தோலில் வைத்தால் தீப்பட்ட மாதிரி கொப்பளித்துவிடும். அதைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப் போட்டு, உலர்த்தி, இடித்து, மற்றச் சரக்குகளோடு கருப்பட்டிப் பாகில் கிளறுவார் வைத்தியர். வாதத்துக்குக் கேட்கும், மந்தித்துப் போன வயிற்றுக்குப் பசி எடுக்க வைக்கும் என்று அந்த வட்டாரத்தில் பேர்.

1950இல் ஞானசெல்வி முதல் தடவை உண்டானாள். குமட்டல் என்றால் அப்படி ஒரு குமட்டல். சோறு வேகிற வாடை வந்தாலே கொல்லைப்பக்கம் ஓடுவாள். கன்னம் ஒட்டிப் போயிற்று. ஜெபமாலையம்மாளுக்குப் பொறுக்கவில்லை. மாடத்திலிருந்து பீங்கான் சாடியை எடுத்து, சுண்டைக்காய் அளவு லேகியத்தை உருட்டி மருமகள் வாயில் போட்டாள்.

“காரமா இருக்கு அத்தை. நெஞ்செல்லாம் எரியுது.”

“எரியட்டும் ஆத்தா. எரிஞ்சாத்தான் பசிக்கும். ஒனக்காக இல்லேன்னாலும் உள்ள இருக்குற உசுருக்கு நாலு வாய் சாப்பிட வேணாமா?”

சொன்னபடியே பசித்தது. இரண்டு பேருக்கும் சந்தோஷம். காலையில் வெறும் வயிற்றில் லேகியம், அப்புறம் கேப்பைக்கூழ் என்று வழக்கமாயிற்று. மூன்றாம் மாதம் முடியவில்லை, ஒருநாள் களத்தில் கடலை ஆய்ந்துகொண்டிருந்தவளுக்கு இடுப்பைப் பிடித்து வலித்தது. வீட்டுக்கு வருவதற்குள் எல்லாம் போய்விட்டது.

மறுபடி 1952இல். இந்தத் தடவை ஜெபமாலையம்மாள் அவளைக் களத்துக்கு விடவில்லை, குடம் தூக்க விடவில்லை. மாதாவுக்கு நேர்ந்துகொண்டு சனிக்கிழமை தோறும் விரதம் இருந்தாள். லேகியத்தை மட்டும் விடாமல் கொடுத்தாள், இன்னும் கொஞ்சம் கூட்டியே கொடுத்தாள். நாலாம் மாதம் அந்தக் குழந்தையும் தங்கவில்லை. கையும் காலும் தெரிகிற அளவுக்கு வளர்ந்திருந்தது. பங்கிராஸ் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்த் தன் புன்செய் வரப்போரம் புதைத்துவிட்டு வந்தான். ஞானஸ்நானம் பெறாத குழந்தை என்பதால் கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லை. அதை நினைத்துத்தான் ஞானசெல்வி அதிகம் அழுதாள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? பங்கிராசின் சித்தப்பா ஒருநாள் வீடு தேடி வந்து பேச்சைத் தொடங்கினார்.

“கோயில்ல இன்னொரு கல்யாணம் முடியாது, சரிதான். ஆனா வயித்துல தங்காதவளை வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறீக? பொறந்த வீட்டுல கொண்டுபோய் விட்டுட்டு, எம் மகன்கள்ல ஒருத்தனைத் தத்து எடுத்துக்கங்க மதினி.”

ஜெபமாலையம்மாள் தண்ணீர் கொடுக்கக் கொண்டுவந்த செம்பைக் கொடுக்காமலே கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“கொழுந்தன்னு பாக்குறேன். எந்திரிச்சுப் போயிருங்க. எம் மருமக இந்த வாசலைத் தாண்டுனா அவளுக்கு முன்னாடி நான் தாண்டிருவேன்.”

உள்ளே இருந்து ஞானசெல்வி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் பெற்றவளே அப்படிப் பேசியிருப்பாளா என்பது சந்தேகம்.

1954 தை மாதம் அவள் மூன்றாம் தடவையாக முழுகாமல் இருந்தாள். அதே குமட்டல். அதே லேகியம். சாடியில் அடிமண்டி மட்டும் இருந்தது. வழக்கமாகப் பங்கிராஸ்தான் விராலிமலைச் சந்தைக்கு வண்டி கட்டும்போது, “ஆத்தாவுக்கு லேகியம்” என்று வைத்தியரிடம் கேட்டு வாங்கி வருவான். அப்போது அறுப்பு நேரம், அவனுக்கு ஒழியவில்லை. சந்தைக்குப் போகிற வேறொரு வண்டியில் ஜெபமாலையம்மாளே ஏறிப் போனாள்.

வைத்தியர் கல்வத்தில் ஏதோ அரைத்துக்கொண்டிருந்தார்.

“வாங்க ஆத்தா. கால் எப்புடி இருக்கு?”

“கால் தேவலை வைத்தியரே. இந்தத் தடவை கொஞ்சம் கூடவே போடுங்க. எனக்கு ஒரு பங்கு, மருமகளுக்கு ஒரு பங்கு. முழுகாம இருக்கா. ஒரு வாய் எறங்க மாட்டேங்குது. ஒங்க லேகியம் ஒண்ணுதான் அவளுக்குக் கேக்குது.”

அரைத்த கை நின்றது.

“முழுகாம இருக்குற பிள்ளைக்கா குடுக்குறீங்க?”

“முன்ன ரெண்டு தடவையும் இதைக் குடுத்துத்தான் சாப்பிட வச்சேன்.”

“அந்தப் பிள்ளைக?”

“தங்கல வைத்தியரே. எங்க நேரம்.”

பெரியண்ணன் எழுந்து உள்ளே போனார். ஒரு செம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்தார். அந்த இடத்தில் அவருக்குச் சுலபமான வழி ஒன்று இருந்தது. ‘இனி மருமகளுக்கு இது வேணாம் ஆத்தா, வேற சூரணம் தாரேன்’ என்று சொல்லி அனுப்பியிருந்தால் போதும். ஆவூரில் ஒருவருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அவர் பேரும் கெடாது, பிழைப்பும் கெடாது. அவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

“வாங்க ஆத்தா. நானும் ஒங்க வீட்டுக்கு வாரேன்.”

எல்லாரும் இருக்கும்போதுதான் விஷயத்தைச் சொல்வேன் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். ஜெபமாலையம்மாள் என்னவோ ஏதோ என்று ஜெபமாலையை உருட்டிக்கொண்டே வந்தாள்.

பங்கிராஸ் அப்போதுதான் வயலிலிருந்து வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். ஞானசெல்வி நடையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உட்காரச் சொல்லி அவள் பாயை எடுத்துப் போட்டும் வைத்தியர் உட்காரவில்லை.

“தம்பி, நான் சொல்றதை முழுக்கக் கேட்டுருங்க. அப்புறம் என்னை என்ன வேணாலும் செய்யுங்க” என்றார். “நான் குடுக்குற லேகியத்துல கொடிவேலி வேர் இருக்கு. சூலி வயித்துக்குள்ள அது போகவே கூடாது. கருவைக் கலைச்சு விட்டுரும். எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்த எங்கப்பா மொத மொத சொன்ன எச்சரிக்கையே அதுதான். ஆத்தா காலுக்குன்னு நெனச்சுத்தான் குடுத்தேன். வீட்டுல வேற யாரு சாப்பிடுறாங்கன்னு ஒரு தடவைகூட நான் கேக்கல. கேட்டிருக்கணும்.”

 ஜெபமாலையம்மாள் தன் கையை விரித்துப் பார்த்தாள். “சேசுவே, எங் கையாலயா?” என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். 

பங்கிராஸ் பாய்ந்து வந்து வைத்தியரின் துண்டைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்தான். “ரெண்டு பிள்ளையப் பறிகுடுத்தோம்யா! ஒண்ணை எங் கையால பொதைச்சேன்!” என்று உலுக்கினான். வைத்தியர் கையைக்கூட உயர்த்தவில்லை.

அதுவரை புருஷன் முன்னால் குரல் உயர்த்தாத ஞானசெல்வி எழுந்து நின்றாள்.

“விடுங்க அவரை! சொல்ல வந்தவரை அடிச்சா இனிமே யாரு வந்து சொல்லுவா? அவரு வராம இருந்திருந்தா நாளைக்குக் காலையிலயும் நான் அதைத்தான தின்னுருப்பேன்?”

பங்கிராசின் பிடி தளர்ந்தது. அவன் நேரே உள்ளே போய்ச் சாடியை எடுத்துவந்து குப்பைக்குழியில் போட்டு உடைத்தான். வைத்தியர் ஊருக்குத் திரும்பவில்லை. “பிள்ளைக்கு நல்லபடியா இருக்குன்னு தெரியாம நான் போகல” என்று சொல்லி, தெரிந்தவர் ஒருவர் வீட்டில் தங்கிக்கொண்டார்.

அவர் தங்கியது நல்லதாகப் போயிற்று. மறுநாள் காலையில் ஞானசெல்விக்கு அடிவயிற்றில் வலி கண்டது. துணியில் லேசாகக் கறையும் பட்டது. பங்கிராஸ் வண்டியில் வைக்கோலைப் பரப்பி அவளைப் படுக்க வைத்தான். வைத்தியரும் கூடவே ஏறினார். பங்கிராஸ் அவரை இறங்கச் சொல்லவில்லை. கீரனூர் வரை மாடுகளை ஓட்டாமல் நடக்கவிட்டே போனார்கள். அங்கே புதுக்கோட்டை பஸ் கூட்டமாக வந்தது. விஷயம் தெரிந்ததும் முன்சீட்டில் இருந்த பெண்கள் எழுந்து, அவள் காலை நீட்டிப் படுக்க இடம் விட்டார்கள். டிரைவர் பள்ளம் கண்ட இடமெல்லாம் வண்டியை ஆள் நடக்கிற வேகத்துக்கு இறக்கி ஓட்டினார். எந்த ஊர்க்காரர், என்ன பேர், ஒன்றும் தெரியாது. தான் நன்றி சொல்ல வேண்டியவர்களில் முகம் பார்க்காத ஆள் அவர்தான் என்பாள் ஞானசெல்வி.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார், சின்ன வயதுக்காரர். சோதித்துப் பார்த்துவிட்டு, “என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டார். வைத்தியர் முன்னால் வந்து கும்பிட்டு, தன் லேகியத்தில் என்னென்ன சேர்கிறது, வேரை எப்படிச் சுத்தி செய்கிறார், எவ்வளவு காலம் இவள் சாப்பிட்டிருக்கிறாள் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். டாக்டரம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். நடுநடுவே கேள்வி கேட்டார்.

“அப்ப முன்னாடி போன ரெண்டும் இதனாலதானா டாக்டரம்மா?” என்றான் பங்கிராஸ்.

“அதை இப்ப என்னால உறுதியாச் சொல்ல முடியாதுங்க. வேற காரணமும் இருந்திருக்கலாம். ஆனா கர்ப்பமா இருக்குறவங்க இந்த வேரைத் தொடவே கூடாது, அது நிச்சயம். இந்தக் குழந்தை இன்னும் உயிரோட இருக்கு. படுக்கையிலயே வச்சுப் பாப்போம்.” பிறகு வைத்தியரைப் பார்த்து, “நீங்க கூட வந்து சொன்னது பெரிய காரியம். இல்லேன்னா எனக்கு எப்படித் தெரியும்?” என்றார். கொஞ்சம் யோசித்து, “இந்த லேகியம் இன்னும் எத்தனை வீட்டுல இருக்கு?” என்றும் கேட்டார்.

அதைக் கேட்டதும் பெரியண்ணன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார்.

ஞானசெல்வி பல வாரம் வார்டில் படுத்திருந்தாள். வலி நின்றது. கறை நின்றது. டாக்டரம்மா தினமும் வந்து, கட்டிலில் உட்கார்ந்து, வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டுப் போவார். பங்கிராஸ் முடிந்தபோதெல்லாம் வந்தான். ஜெபமாலையம்மாள் மட்டும் ஒரு நாளும் வரவில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோதுதான் காரணம் தெரிந்தது. அவள் அடுப்படிக்குள்ளேயே போவதில்லை. பங்கிராஸ்தான் ஏதோ பொங்கித் தின்றுகொண்டிருந்தான். நடக்க வைத்த மருந்தும் நின்றுபோனதால் முழங்கால் மறுபடி வீங்கியிருந்தது. மூலையில் உட்கார்ந்தவள், மருமகள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஞானசெல்வி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“அத்தை, ஆஸ்பத்திரிச் சோறு தின்னு நாக்கு செத்துப் போச்சு. ஒங்க கையால கேப்பைக்களியும் கருவாட்டுக் குழம்பும் வேணும்.”

“இந்தக் கை ஆகாது ஆத்தா. இது கொன்ன கை.”

“அன்னைக்கு ஒங்க கொழுந்தன் என்னை வெரட்டச் சொல்லி வந்தப்ப, செம்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னதும் இந்தக் கைதான். நீங்க இல்லேன்னா நான் இந்த வீட்டுலயே இருந்திருக்க மாட்டேன். இந்தப் பிள்ளையும் இருக்காது. எனக்குப் பசிக்குது அத்தை. எந்திரிங்க.”

ஜெபமாலையம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். களியைக் கிண்டும்போது அழுதாள், பரிமாறும்போதும் அழுதாள். குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தது. ஞானசெல்வி இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டாள்.

மனசு ஆறிவிட்டதா என்று கேட்டால் அவள் ஆமாம் என்று சட்டென்று சொல்லமாட்டாள். சில நாள் காலையில், அத்தை கூழ்ச்சட்டியோடு வரும்போது, நெஞ்சில் பழைய எரிச்சல் ஏறுகிற மாதிரி இருக்குமாம். அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு மாதாவை நினைத்து ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டுக் கையை நீட்டுவாளாம்.

ஆவணி மாதம் பெண் குழந்தை பிறந்தது. ஊர் மருத்துவச்சிதான் பிரசவம் பார்த்தாள். ஜெபமாலையம்மாள் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, குழந்தையைத் தொடத் தயங்கினாள். ஞானசெல்வி கேட்டதும் மருத்துவச்சி குழந்தையைக் கொண்டுபோய் அவள் மடியில் வைத்தாள். மரிய செல்வி என்று பேர் வைத்தார்கள். அதற்குப் பின்னால் இரண்டு ஆண் பிள்ளைகளும் பிறந்தார்கள். அந்தத் தடவைகளிலும் குமட்டல் இருந்தது. எலுமிச்சம்பழத்தை மோந்து பார்த்துக்கொண்டே, இறங்கிய அளவு சாப்பிட்டுச் சமாளித்தாள்.

பெரியண்ணன் என்ன செய்தார் என்பது ஆவூருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரியவந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து போனவர், தன் லேகியம் போன வீடுகளுக்கெல்லாம் நடந்திருக்கிறார். வாசலில் நின்று, “வீட்டுல முழுகாம இருக்குறவங்க, பிள்ளை வேணும்னு இருக்குறவங்க யாரும் இதைத் தொடக் கூடாது” என்று சொல்லியிருக்கிறார். சிலர் அவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சிரித்தார்கள். சிலர் பழசை நினைத்துப் பார்த்துவிட்டு மண்ணை வாரித் தூற்றினார்கள். ஒரு வீட்டில் மருந்துச் சாடி அவர் மேலேயே வந்து விழுந்து, நெற்றியில் தழும்பு உண்டாயிற்று. வந்துகொண்டிருந்த ஆட்கள் பாதிக்குப் பாதி நின்றுபோனார்கள். கொடிவேலி சேர்ந்த லேகியம் கிளறுவதை அவர் அடியோடு விட்டுவிட்டார். வேறு எந்த மருந்து கேட்டு வந்தாலும், யாருக்கு, வீட்டில் சூலி உண்டா என்று விசாரிக்காமல் கையில் கொடுப்பதில்லை.

ஞானசெல்வியும் தன்னால் ஆனதைச் செய்தாள். ஞாயிறு பூசை முடிந்து பெண்கள் கோயில் முற்றத்தில் கூடி நிற்கும்போது, புதிதாகக் கல்யாணமானவள் கண்ணில் பட்டால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வாள். “ஒம் மேல பாசம் இருக்குறவங்கதான் குடுப்பாங்க. வேரு, எலை, நாட்டு மருந்து, ஒண்ணும் செய்யாதுன்னுதான் சொல்லுவாங்க. நான் சாப்பிட்டதும் அப்புடித்தான். ஆஸ்பத்திரியில கேக்காம வாயில போட்றாத.” தன் இரண்டு குழந்தைகளையும் பற்றி மறைக்காமல் சொல்வாள். அத்தை பேரை மட்டும் எடுக்கமாட்டாள்.

பங்கிராசின் கோபம்தான் ஆறுவதற்கு வருஷக்கணக்காயிற்று. விராலிமலைச் சந்தைக்குப் போகும்போது வைத்தியர் வீடு வருகிற பாதையை விட்டுச் சுற்றிப் போவான். ஞானசெல்வி வற்புறுத்தவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் பலகாரத்தை ஒரு துணியில் முடிந்து, சந்தைக்குப் போகிற யாரிடமாவது வைத்தியருக்குக் கொடுத்தனுப்புவாள். அது யாருக்கு என்று தெரிந்தும் பங்கிராஸ் கேட்டதில்லை.

1963இல் மரிய செல்விக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற நாள். வெள்ளைப் பாவாடையும் தலையில் முக்காடும் தைத்து வைத்திருந்தார்கள். சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாயிற்று. முந்தின நாள் மத்தியானம் பங்கிராஸ் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியைப் பூட்டினான்.

“எங்கிட்டுப் போறீங்க?” என்றாள் ஞானசெல்வி.

“அந்த மனுசனுக்கு இப்பக் கண்ணு சரியாத் தெரியலையாம். தனியா எப்புடி வருவாரு?”

அவளுக்கு யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. உள்ளே போய் மாதா படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள்.

பூசையின்போது பெரியண்ணன் கோயிலின் கடைசித் தூணருகே, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கைகட்டி உட்கார்ந்திருந்தார். எப்போது எழ வேண்டும், எப்போது முழங்காலிட வேண்டும் என்று தெரியாமல், பக்கத்தில் இருந்த ஜெபமாலையம்மாளைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். முழங்காலிட முடியாத அவள் உட்கார்ந்தே இருந்ததால் அவரும் பாதி நேரம் உட்கார்ந்தே இருந்தார்.

வீட்டில் பந்தி நடந்தது. மரிய செல்வி புதுநன்மைப் பாவாடையோடு வந்து அவருக்கு இலை போட்டாள். இவர் யார் என்று அவளுக்கு அன்றைக்குத் தெரியாது. பங்கிராசே சோற்றுக் கூடையோடு வந்து அவர் எதிரில் குனிந்தான்.

“இன்னுங் கொஞ்சம் போட்டுக்கங்க அய்யா.”

“போதும் தம்பி.”

“எங்க வீட்டுல போதும்னு சொல்லக் கூடாது” என்று சொல்லி, இரண்டு கை சோற்றை அள்ளி வைத்தான். வைத்தியர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். 

பங்கிராஸ் கையை விடுவித்துக்கொள்ளாமல், “இந்த வருஷம் ஒங்க பக்கம் கம்மாயில தண்ணி எம்புட்டு நிக்குது?” என்று கேட்டான். பெரியண்ணன் சொல்லத் தொடங்கினார்.